116 குதிரையும் 117 குதிரையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தியா இருந்ததால தள்ளிப் போய்க்கிட்டே இருந்த விஷயம் இது. கார் என்றாலே கொட்டாவி வருகிறவர்கள் இப்பவே அப்பீட்டு ஆகிக்கலாம், கோச்சுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, இது பாதிதான் காரைப் பத்தினது. மீதி என் பொண்ணைப் பத்தினது.

நாங்க இருக்கிறது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட். வீட்டுல ரெண்டு கார். முதலாவது 1990 மாடல் மாஸ்டா மியாட்டா. சிவப்பு கலர், ரெண்டே ரெண்டு சீட்டு, மடிச்சு வைக்கிற துணிக் கூரை, சுவிட்சைத் தட்டினா தவளைக் கண்ணு மாதிரி மேலே எழும்புற ஹெட்லைட்டு. 2012ல சன்னிவேல்ல ஒரு ரிட்டயர்டு பெரியவர்கிட்ட 3,500 டாலருக்கு வாங்கினது. ரெண்டாவது 2011 மாடல் ஹோண்டா ஃபிட். நம்ம ஊர்ல 2009ல ஜாஸ்னு பேர் வச்சு வந்துச்சே, அதேதான். அங்கே 1.2 லிட்டர் இன்ஜின், இங்கே 1.5. இதை ஷோரூம்லேர்ந்து புதுசா எடுத்தோம். ஆட்டோமேட்டிக். 880 ஃப்ரீவே டிராஃபிக்ல கிளட்சை மிதிச்சு மிதிச்சு முட்டி தேயுறதுக்கு நான் ஆள் இல்லைன்னு தங்கமணி தீர்மானமா சொல்லிட்டாங்க.

பொண்ணுக்கு பதினஞ்சரை வயசு முடிஞ்சுது. இந்த ஸ்டேட்ல அப்பவே பர்மிட் எடுக்கலாம். அப்புறம் பெரியவங்க யாராவது பக்கத்துல உக்காந்துக்கிட்டு 50 மணி நேரம் ஓட்டிப் பழகணும், அதுல 10 மணி நேரம் ராத்திரியில. பதினாறு ஆனா லைசென்ஸ் டெஸ்ட்டு. பர்மிட் கைக்கு வந்த அன்னைக்கே கேட்டுட்டா: "அப்பா, செவப்புக் கார் எனக்குத்தானே?"

பஞ்சாயத்து அங்கே ஆரம்பிச்சுது.

என் நண்பர்கள்ல ரெண்டு கட்சி இருக்கு. முதல் கட்சி, "பழைய கார்ல கத்துக்கிட்டாத்தான்யா ஓட்டத் தெரியும், இப்ப வர்றதெல்லாம் சக்கரம் வச்ச வாஷிங் மெஷினு" என்கிற கட்சி. ரெண்டாவது, "அந்தக் கிழட்டு டப்பாவைத் தள்ளிவிட்டுட்டு ஒழுங்கா ஒரு குடும்பக் கார் வாங்குற வழியைப் பாரு" என்கிற கட்சி. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டினவன் என்ற முறையில எனக்கு ரெண்டு கட்சி மேலயும் கோவம். முதல் கட்சிக்கு பழசு மேல இருக்கிறது காதல், அதனால கண்ணு தெரியலை. ரெண்டாவது கட்சி மியாட்டா ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

முதல்ல கணக்கைப் பாத்துடுவோம். மியாட்டா இன்ஜின் 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன். ஃபிட் இன்ஜின் 1.5 லிட்டர், 117 குதிரைத்திறன். தட்டச்சுப் பிழை இல்லைங்க, நல்லாப் பாத்துக்குங்க. மளிகைச் சாமான் தூக்கிட்டு வர்ற வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் காரை விட ஒரு குதிரை கூட! மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட கியர் மாத்துற மாடல்ல ரெண்டுக்குமே ஒம்பது செகண்டு வாக்குல ஆகும். எடை மட்டும் மியாட்டா 300 பவுண்டு கம்மி. மியாட்டா கேலனுக்கு 26 மைல் கொடுத்தா, ஃபிட் 32 கொடுக்குது.

டிக்கியைப் பத்தி பேசாம இருக்கிறது மரியாதை. மியாட்டாவுக்கு 3.6 கன அடி, அதுலயே பேட்டரியும் ஸ்டெப்னியும் உக்காந்திருக்கும். ரெண்டு அரிசி மூட்டை வச்சா மூடாது. ஃபிட்டுக்கு 20.6 கன அடி. பெட்ரோல் டேங்கை முன் சீட்டுக்கு அடியில கொண்டுபோய் வச்சுட்டதால, பின் சீட்டுல உக்கார்ற பலகையை அப்படியே மேலே மடக்கி நிறுத்தலாம், தரையிலிருந்து கூரை வரைக்கும் இடம் கிடைக்கும். போன நவராத்திரிக்கு ஏழு படி கொலு ஸ்டாண்டு, மரப்பாச்சி முதல் தசாவதாரம் வரைக்கும் ரெண்டு பெட்டி பொம்மை, நாங்க மூணு பேர், எல்லாரும் ஒரே டிரிப்புல சான் ரமோன் போய்ட்டு வந்தோம். இதை வடிவமைச்சவர் நம்ம வீட்டு விசேஷம் எதுக்கோ வந்துட்டுப் போயிருக்கார்ங்கிறது என் சந்தேகம் :-)

அப்புறம் ஸ்மாக் டெஸ்ட்டு. கலிஃபோர்னியாவில் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா புகைப் பரிசோதனை பாஸ் பண்ணணும். ஃபிட்டுக்கு ஒயரைச் சொருகி கம்ப்யூட்டரைக் கேட்டாங்க, அது "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லிச்சு, அவ்வளவுதான். 2000த்துக்கு முந்தின கார்களை அப்படி நம்ப மாட்டாங்க. மியாட்டாவை உருளை மேல ஏத்தி, ஓடவிட்டு, பின்னாடி குழாயைச் சொருகி அளப்பாங்க. அந்த பத்து நிமிஷமும் எனக்கு பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அதே வயித்துக் கலக்கல்.

ஆக, காகிதத்துல பாத்தா போட்டியே இல்லை. ஃபிட் ஜெயிச்சாச்சு, ரெண்டாவது கட்சிக்காரங்க பட்டாசு வெடிக்கலாம்.

ஆனா ஒரு நாளைக்கு ரெண்டையும் எடுத்துக்கிட்டு ஸ்கைலைன் ரோட்டுக்கு வாங்க. சரடோகாவிலேர்ந்து 9ஆம் நம்பர் ரோட்டுல மலை ஏறி, 35ல வடக்கே திரும்பி, 84 வந்து சேர்ற முக்கு வரைக்கும் மரத்துக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போகும். அந்த ரோட்டுல 35, 40 மைல் வேகத்துல மியாட்டாவுல போறது ஒரு அனுபவம். என்னோடது அடிமட்ட மாடல். பவர் ஸ்டீயரிங் கிடையாது, கண்ணாடியை கையாலதான் சுத்தணும். வண்டி நிக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்புறது ஆட்டுக்கல்லு சுத்துற மாதிரி. நகர ஆரம்பிச்சதும் லேசாயிடும். அதுக்கப்புறம் முன் சக்கரத்துக்கு அடியில நடக்கிறதெல்லாம் உள்ளங்கைக்கு வரும். இங்கே ரோடு சொரசொரப்பு, இங்கே ஈரம், இங்கே யாரோ சரளை கொட்டியிருக்கான், இதுக்கு மேல திருப்பினா டயர் வழுக்கும். எல்லாத்தையும் வண்டி சொல்லிக்கிட்டே வரும்.

இது தற்செயலா வந்தது இல்லை. 1970களோட கடைசியில பாப் ஹால்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர் மாஸ்டாவோட பெரிய தலை கெனிச்சி யமமோட்டோகிட்ட, பழைய பிரிட்டிஷ் கார்கள் மாதிரி லேசான, திறந்த, ரெண்டு சீட்டு வண்டி இப்ப யாருமே செய்யறதில்லை, நீங்க செய்யுங்களேன்னு சொல்லப்போக, அந்தப் பொறி பத்து வருஷம் கழிச்சு 1989 பிப்ரவரியில சிகாகோ கார் கண்காட்சியில மியாட்டாவா வந்து நின்னுச்சு. தலைமைப் பொறியாளர் தோஷிஹிக்கோ ஹிராய். குதிரையும் சவாரி பண்றவனும் ஒண்ணா இருக்கணும்னு அர்த்தம் வர்ற ஒரு ஜப்பானிய சொற்றொடரைத்தான் வேலைக்கே அடிப்படையா வச்சுக்கிட்டாங்க: ஜின்பா இத்தாய். முன்னாடி இன்ஜின், பின் சக்கரத்துக்கு இழுவை, எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட பாதிப் பாதி, நாலு சக்கரத்துக்கும் தனித்தனி டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், கியர் பெட்டியையும் பின் ஆக்சிலையும் ஒரே அலுமினியச் சட்டத்தால இணைச்சு நடுவுல ஆட்டம் இல்லாம பண்ணினது. காசை எங்கே போட்டிருக்காங்கன்னு பாருங்க. ஃபிட்டுக்கு பின்னாடி டிரம் பிரேக், 21 வருஷம் மூத்த மியாட்டாவுக்கு நாலு சக்கரத்துலயும் டிஸ்க். 2016 ஏப்ரல்ல பத்து லட்சமாவது மியாட்டா தயாராச்சு. வேகத்துக்காக மட்டும் அத்தனை பேர் வாங்கியிருக்க முடியாது. வேகம்தான் இல்லையே!

ஃபிட்டை அதே ரோட்டுல ஓட்டினா நல்லாவே போகும். குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா அதோட எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் எப்பவும் ஒரே பதில்தான் சொல்லும்: "எல்லாம் சௌக்கியம்." சௌக்கியம் இல்லாதப்பவும். ஒரு தகவலுக்காகச் சொல்றேன், என் வாழ்க்கையில வாங்கின ஒரே ஸ்பீடிங் டிக்கெட்டு ஃபிட்டுல வாங்கினது. 82 மைல்ல போய்க்கிட்டு இருந்தேன்னு போலீஸ்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். மியாட்டாவுல 65 போனாலே காத்தும் இன்ஜினும் சேர்ந்து காதைக் கிழிச்சு, "யோவ், போதும்யா"ன்னு கெஞ்ச ஆரம்பிச்சுடும்.

இது வரைக்கும் படிச்சா நானும் முதல் கட்சின்னு தோணும். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த நவம்பர் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில சீசனோட முதல் மழை. மாசக்கணக்கா மழையே பாக்காத ரோட்டுல எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கிற நாள். மியாட்டாவுல நைல்ஸ் கேன்யன் வழியா சுனோல் பக்கம் போய்க்கிட்டு இருந்தேன், தனியா. வேகம் 35க்கு மேல இல்லை. ஒரு வலது வளைவுல பாதி தூரம் போனதும், கொஞ்சம் வேகமா வந்துட்டோமோன்னு ஒரு சின்ன சந்தேகம். சந்தேகம் வந்தா எல்லாரும் என்ன செய்வோம்? ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுப்போம். எடுத்தேன். எடை முன்னாடி சாய்ஞ்சுது, பின் சக்கரத்து மேல பாரம் குறைஞ்சுது, வால் கழண்டு வெளியே போச்சு. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினேன். வண்டி இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அப்புறம் எதிர் லேன்ல குறுக்கால நின்னுச்சு. எதிர்ல வண்டி எதுவும் வரலை. அவ்வளவுதான் விஷயம். வந்திருந்தா இதை எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன்.

வண்டி எனக்கு சொல்லலையா? சொல்லிச்சு. வால் கிளம்புறதுக்கு அரை செகண்டு முன்னாடி இடுப்புல தெரிஞ்சுது. ஆனா அந்த அரை செகண்டுல என்ன பண்ணணும்னு என் காலுக்குத் தெரியலை. வீட்டுக்கு வந்து டயர் பக்கவாட்டுல இருக்கிற தேதிக் குறியீட்டைப் பாத்தேன். நாலு இலக்கத்துல முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். டயருக்கு எட்டு வயசு தாண்டியிருந்துச்சு. பட்டன் நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன், ரப்பர் இறுகிப் போயிருந்ததை கவனிக்கலை. முழுக்க என் தப்பு. மறுநாளே நாலும் மாத்தினேன். (பழைய வண்டியோ புது வண்டியோ, எல்லாரும் போய் ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க. நான் இங்கேயே இருக்கேன்.)

அடுத்த வாரம் அதே மழை, அதே வளைவு, அதே வேகத்துல ஃபிட்டுல போனேன், வேணும்னே. ஒண்ணும் நடக்கலை. ரேடியோல ஓடின விளம்பரம் கூட ஞாபகம் இருக்கு.

இந்த இடத்துல ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். திருச்சி தில்லை நகர்ல நான் டிரைவிங் கத்துக்கிட்ட மாருதி 800ல மாஸ்டர் காலடியில இன்னொரு பிரேக் இருக்கும். நான் பெரிய டிரைவர் மாதிரி ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு போய்க்கிட்டு இருப்பேன், மாஸ்டர் தினத்தந்தி படிச்சுக்கிட்டே வருவார். திடீர்னு வண்டி தானா நிக்கும். நிமிர்ந்து பாத்தா முன்னாடி ஒரு மாடு. அவர் பேப்பரை மடக்கக்கூட மாட்டார்.

ஃபிட்டுல இருக்கிற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் அந்த மாஸ்டர்தான். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கோம்னு ஒரு சென்சார் பாக்கும், வண்டி நிஜமா எவ்வளவு திரும்புதுன்னு இன்னொரு சென்சார் பாக்கும். ரெண்டும் ஒத்துப் போகலைன்னா, எந்தச் சக்கரத்தைப் பிடிச்சா வண்டி நேராகுமோ அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். தில்லை நகர் மாஸ்டருக்கு ஒரே பிரேக், இவருக்கு நாலு. அமெரிக்காவில் 2012 மாடல்லேர்ந்து எல்லா கார்லயும் இது கட்டாயம், ஃபிட்டுக்கு 2011லயே வந்துடுச்சு. மியாட்டாவுல மாஸ்டர் இல்லை. ஏ.பி.எஸ். கூட இல்லை. ஏர்பேக் டிரைவருக்கு மட்டும், பக்கத்து சீட்டுக்கு 1994லதான் வந்துச்சு.

முதல் கட்சிக்காரங்க கிட்ட நான் சண்டை போடுறது இங்கேதான். "பழைய கார் கத்துக் கொடுக்கும்"னு சொல்றீங்களே, எப்படிக் கத்துக் கொடுக்கும்? தப்பு பண்ணினா தண்டனை கொடுத்துக் கத்துக் கொடுக்கும். நாப்பது தாண்டின, இருவது வருஷம் ஓட்டின என்னையே எதிர் லேன்ல கொண்டு போய் நிறுத்தின வாத்தியார்கிட்ட பதினஞ்சு வயசுப் பிள்ளையை ஒப்படைக்கணுமா? நீங்க பிழைச்சு வந்து கதை சொல்றீங்க, நானும்தான் சொல்றேன். பிழைக்காதவன் கதை சொல்ல வரமாட்டான், அதனால நம்ம கணக்குல அவன் இல்லவே இல்லை.

சரி, அப்போ ஃபிட் பாதுகாப்பான காரா? அதுவும் அவ்வளவு சுலபமில்லைங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகள் காசுல நடக்கிற ஐ.ஐ.எச்.எஸ். 2009ல ஒரு சோதனை பண்ணினாங்க. ஒரே கம்பெனியோட சின்ன கார், நடுத்தர கார், ரெண்டையும் தலா 40 மைல் வேகத்துல நேருக்கு நேர் மோதவிட்டாங்க. ஃபிட்டுக்கு எதிர்ல ஹோண்டா அக்கார்டு. சுவத்துல தனியா மோதுற சோதனையில நல்ல மார்க் வாங்கின ஃபிட், அக்கார்டு கிட்ட தோத்துடுச்சு. உள்ளே இருந்த பொம்மைக்கு காலில் பலமான அடி. இலேசானது கனமானதோட மோதினா நசுங்குறது இலேசானதுதான், எந்த கம்ப்யூட்டரும் அதை மாத்த முடியாது. அதோட, வண்டியோட முன்பக்க ஓரம் மட்டும் மோதுற மாதிரி ஒரு புது சோதனை கொண்டு வந்தாங்களே, அதுல 2014 ஜனவரியில எங்க தலைமுறை ஃபிட்டுக்கு கிடைச்ச மார்க் "மோசம்". என் பொண்ணுக்கு இது போதும்னு நான் நம்பிக்கிட்டு இருந்த கார். ரெண்டாவது கட்சிக்காரங்களே, பட்டாசை உள்ளே எடுத்து வைங்க.

ஆனாலும் கேள்வி, கார் எவ்வளவு உறுதிங்கிறது மட்டும் இல்லை. அந்த வளைவுல விபத்தே நடக்காம பாத்துக்கிற வேலை யாரோடதுங்கிறது. மியாட்டாவுல அது முழுக்க ஓட்டுறவனோட வேலை. ஃபிட்டுல பாதி வேலையை வண்டி எடுத்துக்குது. புதுசா ஓட்ட வர்ற பிள்ளைக்கு அந்தப் பாதி எடுபிடி வேணும். அது இருக்கிறதே தெரியாம, தனக்கு நல்லா ஓட்ட வருதுன்னு அவ நம்பிடுவாளோங்கிற பயமும் எனக்கு இருக்கு. ரெண்டும் உண்மை. ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்னா, தப்பா நம்பிக்கிட்டு முழுசா வீட்டுக்கு வரட்டும்னுதான் எந்த அப்பனும் சொல்வான்.

அதனால தீர்ப்பு சொல்லிட்டேன்: லைசென்ஸ் எடுக்கிறது, ஸ்கூலுக்குப் போறது, ஃப்ரீவே எல்லாம் ஃபிட்டு. மியாட்டா கிடையாது. பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ரூமுக்குப் போயிட்டா. எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது தங்கமணி கேட்டது.

"அவளுக்கு ஆகாத கார் உங்களுக்கு மட்டும் எப்படிங்க ஆகும்?"

"எனக்கு அனுபவம் இருக்கில்ல."

"நைல்ஸ் கேன்யன்ல சுத்தி நின்னது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

ஙே.

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை, இன்னைக்கு வரைக்கும். எனக்குப் பிடிச்சிருக்குங்கிறது ஒரு காரணமான்னு கேட்டா, காரணம்தான். ஆனா அதைப் பெத்த பொண்ணு முன்னாடி சத்தமா சொல்ல முடியலை. வித்துடலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். இப்ப நான் கொடுத்த விலைக்கு ரெண்டு மடங்கு கேட்டாலும் வாங்கிட்டுப் போக ஆள் இருக்கு. அமெரிக்காவில் ஃபிட்டையே 2020 மாடலோட நிறுத்திட்டாங்க, சின்ன கார் வாங்க ஆள் இல்லைன்னு. ரோட்டுல எல்லாரும் வீடு மாதிரி வண்டியில போறாங்க. அவங்களுக்கு நடுவுல மியாட்டாவுல போறப்ப பக்கத்து லாரியோட சக்கரம் என் காதுக்கு நேரா சுத்தும். இத்தனையும் தெரிஞ்சும் விக்க மனசு வரலை. பேரம் பேசி இப்போதைக்கு ஒரு உடன்படிக்கைக்கு வந்திருக்கோம்: மழைக்காலத்துல மியாட்டாவுக்கு உறை, நான் ஃப்ரீவேல அதை எடுக்கிறதில்லை, பொண்ணு கிளட்ச் பழகுறதுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை காலையில, பக்கத்து ஸ்கூலோட காலி பார்க்கிங்ல.

போன ஞாயிறு முதல் கிளாஸ். மூணு தடவை குலுக்கிப் போட்டு இன்ஜின் நின்னுச்சு. நாலாவது தடவை மெல்ல நகர்ந்துச்சு. இன்னும் முதல் கியர்தான், நடக்கிற வேகம்தான். ஒரு சுத்து வந்ததும், "அப்பா, ஸ்டீயரிங் ஏதோ பண்ணுதுப்பா, லைட்டா ஆடுது"ன்னா.

"கீழே பாரு, தார்ல விரிசல் இருக்கு. அதுதான் கைக்குத் தெரியுது."

"ஃபிட்டுல இது வராதே?"

"வராது."

ஒண்ணும் பேசலை. இன்னொரு சுத்து அதே விரிசல் மேலேயே கொண்டு போய் ஓட்டினா. அப்புறம் இன்னொரு சுத்து.

ஃபிட்டுல 31 மணி நேரம் முடிச்சாச்சு, இன்னும் 19 பாக்கி. நேத்து சாயங்காலம் மேகம் கட்டுச்சு, மியாட்டாவுக்கு உறையைப் போட்டு ஓரமா நிறுத்திட்டேன். மார்ச்சுல ஸ்மாக் டெஸ்ட்டு இருக்கு.